சுருட்டுத் தலை வெட்டில் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துத் திருத்துவது

கலியாணத்துக்கோ திருவிழாவுக்கோ வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர் கியூபாச் சுருட்டோ டொமினிக்கன் சுருட்டோ நாலைந்து கொண்டுவந்து தந்துவிட்டுப் போவார். வெட்டுகிற கட்டர் கூட வராது. வீட்டில் இருப்பது பாக்குவெட்டி, கத்தரிக்கோல், பிளேட். கையில் அகப்பட்டதால் வெட்டியவுடன் மேல் இலை வெடிக்கிறது, அல்லது கழன்று தொங்குகிறது, அல்லது கன்னம் ஒட்ட இழுத்தாலும் புகை வருவதில்லை. சுருட்டுப் பழுது என்று எறிந்துவிடுகிறார்கள்.

பெரும்பாலும் சுருட்டில் பழுது இல்லை. வெட்டிய இடம் பிழையாக இருக்கும், அல்லது வெட்டிய நேரத்தில் இலையின் பதம், அதாவது அதிலுள்ள ஈரம், பிழையாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் இரண்டாவதுதான் அதிகம். ஆனி ஆடியில் சோழகக் காற்று அடிக்கும்போது முற்றத்து மேசையில் வைத்த சுருட்டு பின்னேரத்துக்குள் முறுகிவிடும். ஐப்பசி கார்த்திகை மாரியில் அதே சுருட்டு ஊறிப் பருத்து நிற்கும். ஒரே கட்டர், ஒரே கை, ஆனால் வெட்டு இரண்டு விதமாக வரும். ஆகவே கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் இலையின் பதத்தைப் பாருங்கள், பிறகு வெட்டிய இடத்தைப் பாருங்கள், கடைசியாகத்தான் கட்டரைக் குறை சொல்லுங்கள்.

பெயர்கள்

வாயில் வைக்கும் பக்கம் தலை. கொளுத்தும் பக்கம் அடி. தலையை மூடி ஒட்டியிருக்கும் சிறிய இலைத்துண்டு தொப்பி. தொப்பி முடிகிற இடத்தில் சுற்றிவர மெல்லிய கோடு ஒன்று தெரியும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கோட்டைச் சுற்றியே நிற்கிறது. தலையின் வளைவு முடிந்து உடம்பு நேராகிற இடம் தோள். வெளியே சுற்றியது மேல் இலை, அதற்குள் இறுக்கிப் பிடிப்பது கட்டு இலை, நடுவில் உள்ளது உள் இலை.

சரியான வெட்டு என்பது தோளுக்கு மேலே, தொப்பிக்கோட்டைத் தொடாமல், ஒன்றரை முதல் 2 மில்லிமீற்றர் கனத்தில் ஒரு சில்லை எடுப்பது. அவ்வளவுதான். மேல் இலையை அவிழாமல் பிடித்துக்கொண்டிருப்பது மிச்சமாக நிற்கும் தொப்பி வளையம். கியூபாச் சுருட்டில் தொப்பி பல அடுக்காக இருக்கும், கோடும் இரண்டு மூன்று தெரியும். அதில் மேலே உள்ள முதல் கோட்டை ஒட்டி நிறுத்துங்கள். ஆகக் கீழே உள்ள கோட்டைத் தாண்டவே கூடாது.

கொக்குவில், இணுவில் பக்கத்துக் கொட்டில்களில் சுற்றும் நம்மூர்ச் சுருட்டு என்றால் வெட்டுவதற்கு முன் முனையை ஒரு தரம் பாருங்கள். இரு பக்கமும் உள் இலை தெரிந்தால் அது வெட்டியே வருகிறது, மறுபடி வெட்ட வேண்டியதில்லை. முனை முறுக்கி விட்டிருந்தால் முறுக்கை மட்டும் அதன் அடியில் நறுக்குங்கள். உடம்பைத் தொடாதீர்கள்.

வெட்டும்போதே மேல் இலை நெடுக வெடிக்கிறது

காய்ந்த இலை. அடிப்பக்கத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் மெல்ல அமுக்கிக் காதருகே பிடியுங்கள். சருகு மிதிக்கிற சத்தம் கேட்டால் அன்றைக்கு அதை வெட்ட வேண்டாம். பதமான சுருட்டு அமுக்கினால் சத்தமில்லாமல் கொஞ்சம் அமுங்கி, விட்டதும் திரும்ப எழும்பும்.

காய்ந்ததைத் திருத்த அவசரம் ஆகாது. ஈரத் துணியில் சுற்றி வைப்பது, குளியலறையில் ஆவிக்குள் வைப்பது எல்லாம் சுருட்டைக் கொல்லும் வேலை. ஈரம் ஒரேயடியாக ஏறினால் உள் இலை பருத்துவிடும், காய்ந்த மெல்லிய மேல் இலை அந்த வேகத்துக்கு நீளாது, நின்ற நிலையிலேயே கிழியும். இறுக்கமாக மூடுகிற பிளாஸ்ரிக் டப்பா ஒன்றை மணம் போகக் கழுவிக் காயவைத்து, டப்பாவின் ஈரத்தை 65 சதவீதத்தில் நிறுத்தி வைக்கும் ஈரப்பதப் பொதி ஒன்றைச் சுருட்டில் முட்டாமல் உள்ளே வைத்து மூடுங்கள். ஒன்று முதல் இரண்டு கிழமை அப்படியே கிடக்கட்டும். இரண்டு நாளைக்கு ஒரு தரம் சுருட்டைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டால் போதும். பொதிக்குப் பதிலாகப் பஞ்சில் தண்ணீர் நனைத்து வைக்கிறீர்கள் என்றால் கிணற்றுத் தண்ணீரைத் தவிருங்கள். நம் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் பஞ்சையும் அடைக்கும். மருந்துக்கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் நல்லது.

காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானி வைத்திருப்பவர்கள் அதை முதலில் உப்பால் சோதியுங்கள். ஒரு போத்தல் மூடியில் கறியுப்பு போட்டு, ஈர மணல் மாதிரி வருமட்டும் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து ஒரு பையில் இறுக்கி மூடி ஒரு நாள் வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மானி 5 குறைத்துச் சொல்கிறது, அதைக் கூட்டிப் படியுங்கள்.

இலை பதமாக இருந்தும் வெடிக்கிறது என்றால் வெட்டிய கருவியைப் பாருங்கள். இங்கே பாக்குவெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் வெற்றிலைத் தட்டம் உள்ள வீட்டில் முதலில் கை போவது அதற்குத்தான். பாக்குவெட்டியில் அலகு மேல் கையில் மட்டும். கீழ்க் கை மொட்டை, தாங்கிப் பிடிக்கிற வேலைதான் அதற்கு. பாக்கு கடினமானது, தாங்கி நின்று அலகு பட்ட இடத்தில் பிளக்கும். சுருட்டோ உள்ளே காற்றோட்டம் உள்ள சுருள். அலகு மேலிருந்து இறங்குமுன்பே கீழ்க் கை தலையைச் சப்பையாக்கிவிடும். வட்டமாக இருந்த தலை முட்டை வடிவாகிறது, வளைவு கூடிய இரண்டு பக்கமும் இலை தாங்காமல் கீழ்நோக்கி வெடிக்கிறது. வெடிப்பு எப்போதும் இரு பக்கத்திலும் எதிரெதிராக இருந்தால் காரணம் இதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை அலகு உள்ள மலிவான கட்டரிலும் இதே கதை. இரண்டு பக்கமிருந்தும் அலகு வந்து நடுவில் சந்திக்கிற இரட்டை அலகுக் கட்டர்தான் வேண்டும்.

கட்டர் சரியாக இருந்தும் வெடித்தால் கை மெதுவாக அமுக்குகிறது. அலகு இரண்டும் தொப்பியை இலேசாகத் தொடும்வரை மூடுங்கள், சுருட்டு நேராக நிற்கிறதா என்று பாருங்கள், பிறகு ஒரே அமுக்கு. இடையில் நிறுத்தக் கூடாது. வெட்டுவதற்கு முன் ஈர விரலால் தொப்பியைச் சுற்றிவரத் தடவி ஒரு 15 விநாடி விட்டால் அந்த இடம் மட்டும் இளகிக் கொடுக்கும். சோழகக் காலத்தில் இதைத் தவறாமல் செய்யலாம்.

கட்டர் இல்லை, பிளேட்தான் இருக்கிறது

பயமின்றிப் பாவியுங்கள். புதுப் பிளேட்டின் நுனி நல்ல கட்டரை விடச் சுத்தமாக வெட்டும். பலர் செய்கிற பிழை, வாழைத்தண்டு நறுக்குவது மாதிரி மேலிருந்து கீழே அழுத்துவது. தலையை ஈரவிரலால் தடவிவிட்டு, பிளேட் நுனியைக் கோட்டுக்குச் சற்று மேலே வைத்து, பிளேட்டை அசைக்காமல் சுருட்டை விரலுக்குள் உருட்டுங்கள். முதல் சுற்றில் தொப்பி இலையில் ஒரு கீறல் விழும். இரண்டாம் சுற்றில் கீறல் ஆழமாகும். மூன்றாம் சுற்றுக்குப் பிறகு நகத்தால் கிளப்பினால் சில்லு மூடி மாதிரிக் கழன்று வரும், அடியில் உள் இலையின் சுருள் தெளிவாகத் தெரியும். சில்லின் ஒரு ஓரம் விடாமல் பிடித்தால் இழுக்காதீர்கள், அந்த ஓரத்தை மட்டும் திரும்பக் கீறுங்கள். இரு பக்கமும் கூரான பிளேட் என்றால் பிடிக்கிற பக்கத்தைக் கடுதாசியால் மடித்து மூடிக்கொள்ளுங்கள்.

கத்தரிக்கோல் சுமார்தான். இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசித் தாண்டிப் போவதால் வெட்டு சரிந்து வரும். பல்லால் கடிப்பது முறுக்கு முனைக்குச் சரி. மூடிய தொப்பிக்குச் சரியல்ல, ஏனென்றால் எவ்வளவு ஆழத்தில் கடிக்கிறோம் என்று கண்ணுக்குத் தெரியாது.

வெட்டிய பின் மேல் இலை கழன்று விரிகிறது

கோட்டைத் தாண்டி வெட்டிவிட்டீர்கள். தொப்பி வளையம் முழுதாகப் போய்விட்டது, மேல் இலையைப் பிடிக்க ஒன்றுமில்லை. வாயின் ஈரம் பட்டதும் சுருளாக அவிழத் தொடங்கும்.

திருத்தலாம். விளாம்பிசின் இருந்தால் கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்துத் தேன் பதத்துக்குக் கரையுங்கள். இல்லையென்றால் ஒரு தேக்கரண்டி கோதுமை மாவை அரைக் கோப்பை தண்ணீரில் கரைத்து, கிண்டிக் கிண்டிக் கண்ணாடி மாதிரி வருமட்டும் காய்ச்சுங்கள். கடையில் விற்கும் பசை எதுவும் வேண்டாம், அது நெருப்புக்கும் வாய்க்கும் போகிற பொருள் அல்ல. பல்லுக்குத்தியின் நுனியில் பசையைத் தொட்டு, தூக்கி நிற்கும் இலையின் உள்பக்க ஓரத்தில் மட்டும் பூசி, இலை எந்தத் திசையில் சுற்றியிருக்கிறதோ அந்தத் திசையிலேயே உருட்டி ஒட்டுங்கள். எதிர்த்திசையில் உருட்டினால் மிச்சமும் அவிழும். ஒரு நிமிடம் விரலால் பிடித்து, 10 நிமிடம் காயவிட்டுக் கொளுத்தலாம்.

விரிவு ஒரு அங்குலத்தைத் தாண்டிவிட்டால் தொங்குகிற இலையை ஒட்டிப் பயனில்லை. பழுதாய்ப்போன வேறொரு சுருட்டின் மேல் இலையில் ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் பட்டி ஒன்று வெட்டி, இலேசாக ஈரமாக்கி, பசை தடவித் தலையைச் சுற்றி ஒரு வளையம் போடுங்கள். போன தொப்பியின் வேலையை அது செய்யும்.

இது அடிக்கடி நடக்கிறவர்களுக்கு ஒரு எளிய வழி உண்டு. இரட்டை அலகுக் கட்டரை விரித்து மேசையில் தட்டையாகப் படுக்க வைத்து, சுருட்டின் தலையைக் கீழ்நோக்கி ஓட்டைக்குள் நிறுத்துங்கள். தலை மேசையில் முட்டி நிற்கும். அப்படியே மூடுங்கள். கட்டரின் கனம் ஆழத்தைக் கட்டுப்படுத்துவதால் ஏறக்குறைய 2 மில்லிமீற்றருக்கு மேல் போகாது. தலை உருண்டையாகவோ தட்டையாகவோ உள்ள சுருட்டுக்கு மட்டும் இந்த வழி.

இழுத்தால் புகை வரவில்லை

கொளுத்துவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க வேண்டும். வெட்டியவுடன் கொளுத்தாமல் ஒரு தரம் இழுத்துப் பாருங்கள். தடித்த குழாயில் மோர் குடிக்கிற அளவு எதிர்ப்புத் தெரிந்தால் சரி. அடைத்த குழாய் மாதிரி இருந்தால் மூன்றில் ஒரு காரணம்.

வெட்டு சிறியதாக இருக்கலாம். கோட்டுக்கு மேலே இன்னும் இடம் இருந்தால் மேலும் ஒரு மில்லிமீற்றர் எடுங்கள். முனை கூர்ந்து வரும் டோர்பிடோ வகையில்தான் இது அதிகம் நடக்கும். கூர்முனையில் 2 மில்லிமீற்றர் எடுத்தால் ஓட்டை ஊசித் துளை போலத்தான் வரும். அதில் முதலில் 6 மில்லிமீற்றர் வெட்டி இழுத்துப் பார்த்து, போதாவிட்டால் 2 மில்லிமீற்றர் வீதம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். முதல் வெட்டிலேயே அகலமாக எடுத்துவிட்டால் கூர்முனைக்குச் செய்த வேலை முழுவதும் வீண்.

இலை ஊறியிருக்கலாம். மாரியில் இதுதான் முதல் சந்தேகம். அமுக்கினால் பஞ்சு மாதிரி அமுங்கி எழும்பாமல் நிற்கும், வெட்டிய முகத்தில் அலகு இழுத்த தடம் பசையாகத் தெரியும். ஈரப்பதப் பொதி இல்லாத வெறும் மரப்பெட்டியில், மழைக்காற்றுப் படாத அலுமாரிக்குள் ஒரு நாள் வையுங்கள். வெயிலில் காயப்போட்டால் வெளியே முறுகி உள்ளே ஈரம் நிற்கும், முதல் கோளாறு திரும்ப வரும். சாதாரண குளிர்சாதனப்பெட்டியும் இதற்கு உதவாது. இலையைச் சீராக உலர்த்தாது, கறி மணத்தை மட்டும் ஏற்றிவிடும்.

மூன்றாவது, சுற்றும்போதே உள்ளே முடிச்சு விழுந்திருக்கலாம். தலையிலிருந்து அடிவரை விரலால் அமுக்கிக்கொண்டு போனால் ஒரு இடத்தில் கட்டியாகத் தட்டும். அந்த இடத்தைச் சுற்றிவர மெல்லப் பிசைந்து உருட்டுங்கள். இளகாவிட்டால் காய்ந்த தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து, ஓலைத் துணுக்கில்லாமல் வழித்து, நுனியை ஒடித்து மழுக்கிக்கொள்ளுங்கள். வெட்டிய முகத்தின் நடு மையத்தில் வைத்துத் திருகித் திருகி உள்ளே விட வேண்டும், குத்தக் கூடாது. கட்டியைத் தாண்டியதும் வெளியே எடுத்துத் திரும்ப இழுத்துப் பாருங்கள். ஈர்க்கு உள்ளே போகும்போது மற்றக் கையின் விரல்கள் சுருட்டைச் சுற்றிப் பிடித்திருக்கட்டும். பக்கவாட்டில் முட்டினால் விரலுக்கு உடனே தெரியும், மேல் இலையைத் துளைக்குமுன் நிறுத்தலாம். ஈர்க்கின் பருத்த அடிப்பக்கம் வேண்டாம், உள்ளே இலையைத் தள்ளி மறுபடி அடைக்கும்.

புகை சூடாக, வெறுமையாக வருகிறது

ஓட்டை பெரிதாகிவிட்டது, அல்லது உள் இலை குறைவாகச் சுற்றிய சுருட்டு. வெட்டியதைத் திரும்ப ஒட்ட வழியில்லை. நிமிடத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் வேண்டாம், வேகமாக இழுத்தால் இன்னும் சூடாகும். அடுத்த தரம் சிறிதாக வெட்டுங்கள்.

வாய்க்குள் இலைத் துணுக்கு வருகிறது

மொட்டை அலகு வெட்டாமல் கிழித்திருக்கிறது. ஒரு பத்திரிகைத் தாளைக் கட்டரில் வைத்து வெட்டிப் பாருங்கள், ஓரம் பிசிறினால் அலகு போய்விட்டது. கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்றில் மலிவான இரும்பு அலகு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் உலர்ந்த துணியால் துடையுங்கள். புகையிலைப் பிசின் ஒட்டியிருந்தால் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். அலுமினியத் தாளை நாலைந்தாக மடித்துப் பத்துப் பதினைந்து தரம் வெட்டினால் அலகின் பிசிறு ஓரளவு போகும், தீட்டிய கூர் வராது.

அலகு நன்றாக இருந்தும் துணுக்கு வந்தால் உள்ளே நீள இலைக்குப் பதிலாக நறுக்கிய இலை இருக்கிறது. அப்படிப்பட்ட சுருட்டில் முழு வெட்டு வேண்டாம். தொப்பியின் நடுவில் வட்டத் துளை மட்டும் போடுகிற துளைக்கும் கட்டர் இருந்தால் அதைப் பாவியுங்கள், தொப்பியின் சுற்று ஓரம் நின்று துணுக்கைத் தடுக்கும். எப்படி வெட்டினாலும் வெட்டிய முகத்தைக் கீழ்நோக்கிப் பிடித்து விரலால் இரண்டு தட்டுத் தட்டி விடுங்கள்.

பாதி பத்தியதும் தலையில் கருப்பு ஈரமும் கசப்பும்

துளைக்கும் கட்டரைப் பாவித்தவர்களின் முறைப்பாடு இது. சுருட்டின் பருமன் ஒரு அங்குலத்தை 64 பங்காக்கி அளக்கப்படுகிறது. 50 என்றால் ஏறத்தாழ 20 மில்லிமீற்றர். அந்தப் பருமனில் 8 மில்லிமீற்றர் துளை போட்டால் முழு உடம்பின் புகையும் அந்தச் சின்ன வாசலில் கூடுகிறது, பிசின் அங்கேயே படிகிறது. தொப்பியில் இடம் இருந்தால் துளைக்கு மேலே நேர் வெட்டு ஒன்று போட்டு வாசலை அகலமாக்குங்கள். எல்லா வகை வெட்டுக்கும் உதவுகிற இன்னொன்று, வாயிலிருந்து சுருட்டுக்குள் ஒரு தரம் மெல்ல ஊதிப் பழைய புகையை வெளியேற்றுவது. வாய்க்குள்ளேயே வைத்துக் கடித்துக்கொண்டு பேசுகிற பழக்கம் இருந்தால் எந்த வெட்டும் ஊறும். 46க்குக் குறைந்த மெல்லிய சுருட்டுக்கும் டோர்பிடோவுக்கும் துளை ஏற்றதல்ல.

சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் எடுக்க வேண்டாம், வாயோடு விடுங்கள். அப்படி விட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து இருக்கவே இருக்கிறது. கசப்பு ஏறிய சுருட்டைக் கஷ்டப்பட்டு முடிக்க வேண்டியதில்லை.

ஒரு பக்கமாகவே எரிகிறது

இதற்கு வெட்டு காரணமாவது அரிது. கலியாண மண்டபத்துக்குள் புகைக்கச் சட்டம் விடாது, இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் தடுத்திருக்கிறது. அதனால் வெளியே காற்றில் நின்று கொளுத்துகிறார்கள், காற்றுப் படும் பக்கம் முந்தி எரிகிறது. மதில் மறைவில் நின்று, நெருப்புக்குச்சியின் மருந்து எரிந்து முடிந்த பிறகு, அடியைச் சுற்றிவரத் திருப்பித் திருப்பிக் கொளுத்துங்கள்.

வெட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் காற்று எங்கோ கசிகிறது

உடம்பில் ஊசி குத்தியது போல வட்டத் துளை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். டப்பாவின் அடியில் கபிலத் தூள் கிடந்தால் சந்தேகமே வேண்டாம், புகையிலை வண்டு. 25 பாகை செல்சியசுக்கு மேல் அதன் முட்டை வேகமாகப் பொரிக்கும், நம்மூரில் வருடத்தின் பெரும் பகுதி அதற்கு மேல்தான். துளை உள்ளதைப் பிரித்தெடுங்கள். மற்றவற்றைக் காற்றுப்புகாத இரண்டு பைக்குள் போட்டு உறைபெட்டியில் மைனஸ் 18 பாகையில் 3 நாள், பிறகு குளிர்சாதனப்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள், பிறகு பையைத் திறக்காமல் வெளியே ஒரு நாள் வையுங்கள். உறைபெட்டியிலிருந்து நேரே வெளியே எடுத்தால் மேல் இலை வெடிக்கும். துளை ஒன்றிரண்டுதான் என்றால் அந்தச் சுருட்டையும் இதே மாதிரி உறையவைத்து எடுத்து, நகக்கண் அளவு இலைத்துண்டில் பசை தொட்டு ஒவ்வொரு துளையையும் மூடுங்கள். பசை காய்ந்த பின் அடியைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு தலைப்பக்கம் இழுத்துப் பாருங்கள். காற்று வராவிட்டால் கொளுத்தலாம்.